எர்சீலியா கட்டிய கம்பி

ஜெர்வாசியோவின் பட்டறையில் நல்ல எடைத்தராசு ஒன்று இருந்தது. அதன் தட்டில் எர்சீலியா தன் ஈரக் கையுறைகளைக் காயப்போடுவாள். எடை பார்க்க யாரும் அதைத் தொட்டதில்லை. துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தால் ஜெர்வாசியோ முதலில் காட்டுவது அந்தக் கையுறைகளைத்தான். "எங்க தராசு பாருங்க, துணி காயப்போட மட்டும்தான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். எர்சீலியா சிரிக்க மாட்டாள். வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மெல்லா ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பட்டறையில் நாங்கள் துப்பாக்கி செய்யவில்லை. கறுப்பு ஏற்றினோம். எங்கள் பள்ளத்தாக்கில் எந்தத் துப்பாக்கியும் ஒரே கூரையின்கீழ் பிறப்பதில்லை. குழல் துளைப்பவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், சித்திரம் வெட்டுபவர் இன்னொருவர். எங்களிடம் வந்தது நடுப்பெட்டி. மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கியில், குழல்கள் மடங்கித் திறந்து மூடும் இடத்தில், விசையையும் சுத்தியையும் உள்ளே வைத்துக்கொண்டு உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதைத்தான் நடுப்பெட்டி என்போம். அதைக் கொதிக்கும் காஸ்டிக் உப்புத் தொட்டியில் இறக்கி, நீலம் ஓடிய கறுப்பாக எடுப்போம். கறுப்பேறி வந்ததை எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்குவது என் வேலை.

எண்பதுகளில் லேசான ரகம் ஏராளமாக வரத் தொடங்கியது. காட்டு உள்ளான் பறவையை வேட்டையாடப் போகிறவன் நாய்க்குப் பின்னால் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறான். சுடுவதோ ஒரு தடவை, இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் தூக்கிச் சுமப்பதுதான். அவனுக்கு அரைக்கிலோ குறைந்தாலும் புண்ணியம். அதனால் கம்பெனிகள் நடுப்பெட்டியை எஃகுக்குப் பதிலாக அலுமினியக் கலவையில் செய்தன. அதே அச்சு, அதே வளைவு, அதே திருகு. தோட்டாவின் அடி வந்து மோதும் முகத்தில் மட்டும் ஓர் எஃகுத் தகட்டைப் பதித்துவிடுவார்கள். மேலே சித்திரம் வெட்டிக் கறுப்பும் ஏற்றிவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெயரும் ரகக் குறியும் எல்லாம் முடிந்த பிறகே அடிப்பார்கள் என்பதால் எங்களிடம் வரும்போது அதில் எழுத்தே இருக்காது.

ஆனால் தொட்டிக்கு வித்தியாசம் தெரியும். எஃகு அதில் கறுக்கும். அலுமினியம் அதில் கரையும். மெதுவாகக் கரையாது, நுரைத்துப் பொங்கி, தொட்டியையே தூக்கி வெளியே கொட்டும். லேசு என்று நாங்கள் சொல்லும் அலுமினியப் பெட்டி வந்தால் அதைப் பிரித்து அக்கரையில் அமிலத் தொட்டி வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிகள் ஒரே தட்டில் இரண்டையும் கலந்துதான் அனுப்பும். பிரிக்கிற மேசையில் இருந்தவள் எர்சீலியா.

எர்சீலியா பின்தோசி அந்தப் பட்டறைக்குத் தரை கழுவ வந்தவள். புருஷன் சுவிட்சர்லாந்துக்கு வேலைக்குப் போனான். முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதன்பிறகு அதுவும் வரவில்லை. தரை கழுவுகிறவளே தட்டுகளையும் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சுமக்க வேண்டும். சுமந்து சுமந்து, எந்தத் தட்டில் எத்தனை லேசு என்று அவள் மணிக்கட்டு சொல்ல ஆரம்பித்தது. அப்போது மேசையில் இருந்தவர் இப்போலித்தோ என்ற பெரியவர். அவர் ஒருநாள் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது, எஃகு என்று அனுப்பிவிட்டார். ஒட்டியது அந்த முகத் தகட்டில். தொட்டி பொங்கியது. மறுநாள் இப்போலித்தோவின் கையில் துடைப்பம் இருந்தது, எர்சீலியா மேசையில் இருந்தாள். அந்த மேசைக்கு ஒரு தப்புதான் எல்லை என்பதை அவள் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தாள்.

அவள் காந்தத்தைத் தொடமாட்டாள். "அது பாதி உண்மை பேசும். பாதி உண்மை பேசுறவனைப் பக்கத்துல வச்சுக்கக்கூடாது" என்பாள். முதலில் வலது உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்குவாள். அடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் வைப்பாள். அலுமினியம் உடம்புச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு அதே வேகத்தில் வெதுவெதுப்பாகும், எஃகு வெகுநேரம் சில்லென்றே இருக்கும். பிறகு பெட்டியின் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள். லேசாக இருந்தால் பதித்த தகட்டைச் சுற்றி முடியளவு கோடு தெரியும். கீல் முளை உட்காரும் இடத்தில் சுவரைக் கட்டைவிரலால் தடவுவாள். லேசில் அங்கே தடிமன் அதிகம். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், வெளியே தெரியாத உள்மூலையில் ஒரு சொட்டு காஸ்டிக். நுரைத்தால் லேசு. லேசுக்குச் சிவப்பு நூல், எஃகுக்குக் கம்பி வளையம். நூல் கட்டியது ஆற்றைத் தாண்டும். கம்பி கட்டியது தொட்டிக்குப் போகும்.

பழகப் பழக முதல் படியே போதும் என்றாகிவிட்டது. உள்ளங்கை ஏறி இறங்கும், கம்பி சுற்றும், அடுத்தது. பார்க்க அழகாக இருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வருவார்கள்.

தொட்டி வேலையில் இருந்தவன் பால்தோ பெல்லேரி. எர்சீலியாவைவிட ரொம்ப இளையவன். வாயில் எப்போதும் ஒரு பாட்டு. கையில் எப்போதும் காஸ்டிக் தழும்பு. அவள் கட்டிவிட்ட பெட்டிகளை எடுத்து, சித்திரக்காரர்கள் உள்ளே அடித்திருக்கும் கட்டையைத் தட்டி எடுத்து, கொழுப்பு போகக் கழுவி, கூடையில் மாட்டி இறக்குவான்.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நடுப்பெட்டியின் உள்ளே வெற்றிடம். சித்திரம் வெட்ட இடுக்கியில் இறுக்கினால் சுவர் நசுங்கிவிடும். அதனால் சித்திரக்காரர் உள்ளே அளவாகச் செதுக்கிய பீச் மரக் கட்டை ஒன்றை அடித்து நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். சிலர் வழியில் அடிபடாமல் இருக்கட்டும் என்று அப்படியே அனுப்புவார்கள். எர்சீலியா மரத்தின் எடையை மனத்தில் கழித்துவிட்டுச் சொல்லிவிடுவாள்.

பால்தோ வேலைக்கு வந்த முதல் வருஷம், அவள் கம்பி கட்டிய பெட்டி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தான். எல்லோரும் காப்பிக்கு நின்றிருந்த நேரம்.

"இது என்ன இங்க உக்காந்திருக்கு?" என்று எர்சீலியா கேட்டாள்.

"இல்ல, கைல எடுத்தேன். கொஞ்சம் லேசா தெரிஞ்சுது. அதான் ஒரு தடவை..."

"லேசா தெரிஞ்சுதா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஓ, உனக்கு!" அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா, நேத்து வரைக்கும் அப்பன் கடைல கோழி வெட்டிட்டிருந்தான். இன்னைக்குக் கைல எடை பாக்குறானாம்! டேய், கோழிக்குத்தான் எடை கேப்பாங்க. இதுக்கு நான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெட்டியின் உள்மூலையில் அவள் ஒரு சொட்டு காஸ்டிக் விட்டாள். நுரைக்கவில்லை. எஃகுதான், சுவரை மெலிதாகக் கடைந்த பழைய மாதிரி. அதை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். "நான் கம்பி கட்டினதை நீ எடை போடக்கூடாது. என் கம்பி இருந்தா இறக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, எர்சீலியா."

அன்று அவன் காது சிவந்திருந்தது. பிறகு அவனும் மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தோம். திரும்பப் பாட ஆரம்பித்துவிட்டானே.

பிறகொரு வருஷம், பிப்ரவரி முடிகிற சமயம் குவால்தியேரோவிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. குவால்தியேரோ எங்கள் பள்ளத்தாக்கின் பேர்போன சித்திரக்காரர்களில் ஒருவர். ஒரு வேட்டைக்காரர் தன் நாய்களோடு வந்து உட்கார்ந்து சொல்லிச் சொல்லி வெட்டவைத்த வேலை அது. ஒரு பக்கம் செஸ்ட்நட் இலைச் சருகுக்குள் பதுங்கிய உள்ளான். மறுபக்கம் அது எழும்பும் கணம், சிறகுக்குக் கீழே சிதறும் இலைகள். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் பார்த்தார். கோடுகள் தெரிவதற்காக மையை மேலே அப்பியிருந்தார்; தோட்டா மோதும் முகத்தில் கீறல் விழாமல் மெழுகு பூசிக் காகிதம் ஒட்டியிருந்தார்; உள்ளே கட்டையும் இருந்தது.

எர்சீலியா எடுத்தாள். உள்ளங்கை ஒருமுறை ஏறி இறங்கியது. காகிதத்தைப் பிரிக்கவில்லை. மணிக்கட்டில் வைக்கவில்லை. மரத்தைக் கழித்தாள். கம்பி வளையத்தைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் எதிரே எண்ணெய்த் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மற்ற எந்தப் பெட்டிக்கும் ஆனதைவிட அதிக நேரம் ஆகவில்லை.

மதியம் தொட்டி பொங்கியது.

முதலில் ஒரு சீறல், பிறகு பால்தோவின் கூச்சல்: "தள்ளுங்க! தள்ளுங்க!" வெள்ளை நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையில் ஓடி, அவன் பூட்ஸைத் தொட்டது. அவன் கொக்கியால் கூடையை இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வெளியே ஓடினான். ஜன்னலெல்லாம் புகை. அடங்கிய பிறகு கூடையிலிருந்து எடுத்தபோது குவால்தியேரோவின் பெட்டி கடித்துத் துப்பிய ரொட்டிபோல இருந்தது. ஒரு பக்கத்தில் இலை மாதிரி ஏதோ தெரிந்தது. பறவை இல்லை. முகத்தில் பதித்திருந்த எஃகுத் தகடு மட்டும் அழகாகக் கறுத்திருந்தது.

எர்சீலியா அதைப் பார்க்கவில்லை. நேராகப் பால்தோவின் மேடைக்குப் போனாள். அங்கே அவன் தட்டி எடுத்த பீச் கட்டை கிடந்தது. எடுத்தாள். கை கீழே இறங்கியது. மரம் அவ்வளவு கனக்காது. கட்டையைத் திருப்பினாள்; நடுவில் துளைபோட்டு ஈயம் ஊற்றி, மேலே மரச்செருகால் மூடியிருந்தது. இடுக்கியில் பெட்டி ஆடாமல் நிற்பதற்காகக் குவால்தியேரோ கண்டுபிடித்த புது வழி. யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல அவருக்குத் தோன்றவும் இல்லை. மரத்தைக் கழித்தவள் ஈயத்தைக் கழிக்கவில்லை. லேசுப் பெட்டியும் ஈயமும் சேர்ந்து சரியாக ஓர் எஃகுப் பெட்டியின் கனத்துக்கு வந்திருந்தன.

அவள் கட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவர்தான்.

ஜெர்வாசியோ அன்றே கம்பெனிக்குப் போன் போட்டார். மறுநாள் காலை எர்சீலியா அவர் அறைக்குள் போனாள். கதவு அடைக்கவில்லை, உள்ளே பேசியது எனக்குக் கேட்டது.

"என் தப்பு. கம்பி கட்டினது நான்." கட்டையை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "பாருங்க, உள்ள ஈயம். நான் முகத்தைப் பிரிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல."

"சத்தம் போடாத. பால்தோ நூலையும் கம்பியையும் மாத்திட்டான்னு சொல்லிட்டேன்."

"அவன் மாத்தல."

"தெரியும்டி, தெரியும். ஆனா நீ தப்புப் பண்ணேன்னு நான் எப்படிச் சொல்றது? இந்தப் பட்டறைல என்ன இருக்கு சொல்லு. தொட்டி ஊர் பூரா இருக்கு. காஸ்டிக் கடைல கிடைக்குது. கை உன் ஒருத்திக்கிட்டதான் இருக்கு. அதைப் பாத்துத்தான் வர்றாங்க. நாளைக்கு அதுவும் தப்பும்னு தெரிஞ்சா தட்டு வருமா? நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அப்ப குவால்தியேரோகிட்ட ஈயத்தைப் பத்தியாவது..."

"அவர்கிட்டயா? உங்க கட்டையாலதான் கெட்டுதுன்னு நானா? நீ போய் மேசைல உக்காரு."

"பால்தோ?"

"அவனுக்கென்ன, சின்னப் பையன். எங்கயும் பொழச்சுக்குவான்."

அவள் வெளியே வந்தாள். தாங்கிப் பிடிக்கலாம் என்று அருகே போனேன். தேவைப்படவில்லை. கிணற்றடியில் நின்று கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு சொன்னாள்: "இர்மா, என் தப்புன்னு சொல்ல மாட்டேன்னு அவர் சொன்னதும் என் கால் நடுக்கம் நின்னுபோச்சு. சந்தோஷமா இருந்துது. அதைத்தான் தாங்க முடியல."

பால்தோ சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தபோது யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எரிந்த பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை எர்சீலியா அவன் வீட்டுக்குப் புறப்பட்டாள். தனியே போகத் தைரியம் வராமல் என்னையும் கூப்பிட்டாள். ஜன்னல் வழியே எங்களைப் பார்த்த அவன் மனைவி நோரினா கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வாங்க, வாங்க. தப்பே பண்ணாத கை வந்திருக்கு, பால்தோ! நாற்காலி துடைச்சுப் போடட்டுமா?"

"நோரினா, உள்ள விடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தான். காலில் இன்னும் துணி சுற்றியிருந்தது. எர்சீலியா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கட்டை, ஈயம், பிரிக்காத காகிதம், ஜெர்வாசியோ சொன்னது. பாடம் ஒப்பிப்பதுபோல ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் கரண்டியை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"ஈயம் தெரியுமா?"

"ஈயம் தெரியாது. கட்டையைத் தட்டி எடுத்தேன்ல, அப்ப பெட்டி என் கைல இருந்துது. காத்து மாதிரி இருந்துது. மெழுகைச் சுரண்டினப்போ கோடும் தெரிஞ்சுது. லேசுதான்னு தெரிஞ்சுது."

எர்சீலியா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சும் இறக்கினியா?"

"உங்க கம்பி இருந்துதே."

"பால்தோ..."

"என்ன பால்தோ? நான் கம்பி கட்டினதை எடை போடாதன்னு சொன்னது யாரு? எல்லாரையும் கூட்டி வச்சுக் கோழிக்கதை சொன்னது யாரு? சரி, இவங்க கைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும், நமக்குத் தெரியாத புது மாதிரியா இருக்கும்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கூடையைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். உங்களை வந்து கேக்கலாமான்னு யோசிச்சேன். அப்பறம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துது. போடான்னு இறக்கிட்டேன்." கரண்டியைத் தட்டி வைத்தான். "உண்மையைச் சொல்லட்டுமா? பொங்கட்டும்னும் கொஞ்சம் நினைச்சேன். ஆனா இவ்வளவு பொங்கும்னு நினைக்கல."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் எர்சீலியா.

நோரினா சிரித்தாள். "கேட்டிருக்கலாமாம்! அதுக்குத்தான் நீங்க வாயைத் தச்சு அனுப்பினீங்களே. தச்சவங்களே வந்து ஏன் பேசலன்னு கேக்குறாங்க!"

எர்சீலியா அவன் பக்கம் குனிந்தாள். "நாளைக்கு வா. ரெண்டு பேரும் போய்ச் சொல்வோம். எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன்."

"எதுக்கு? நீங்க கட்டினதும் நெஜம், நான் தெரிஞ்சு இறக்கினதும் நெஜம். ரெண்டையும் சொன்னா ஜெர்வாசியோ ரெண்டு பேரையும் அனுப்புவார். சொல்லலைன்னா ஒருத்தன்தான் போறான். கணக்கு அதுதான்." அவன் களியைப் பலகையில் கொட்டி, நூலால் அறுத்தான். எங்களுக்கும் இரண்டு துண்டு வைத்தான். "எனக்கு உங்ககிட்ட மன்னிப்பு வேணாம், உங்களுக்குக் குடுக்கவும் எங்கிட்ட இல்ல. சாப்பிட்டுட்டுப் போங்க. வந்தவங்களைப் பட்டினியா அனுப்புற வீடு இல்ல இது."

சாப்பிட்டோம். எர்சீலியா தட்டில் ஒன்றையும் மீதி வைக்கவில்லை. அந்தக் களி அவளுக்கு எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு பெட்டிக்கும் எல்லாப் படியும் செய்தாள். கட்டை இருந்தால் தானே தட்டி எடுத்தாள், காகிதம் இருந்தால் பிரித்தாள், கடைசியில் ஒரு சொட்டும் விட்டாள். மேசையில் தட்டுகள் குவிந்தன. ஜெர்வாசியோ முணுமுணுத்தார்; பிறகு அதையும் பேச்சாக்கிக்கொண்டார்: "பாத்தீங்களா, இவ்வளவு கை இருந்தும் எவ்வளவு கவனம்!" தொட்டிக்குப் புதிதாக வந்தவனிடம் எர்சீலியா சொன்னாள்: "நான் கட்டினதை நீயும் ஒரு தடவை கைல வச்சுப் பாரு. சந்தேகம்னா திருப்பி அனுப்பு. நான் கோவிக்க மாட்டேன்." அவன் கூச்சத்தோடு சிரித்தான். "போங்க எர்சீலியா, என்னைச் சோதிக்கிறீங்க. உங்க கட்டுக்கு மேல கட்டா?" அவள் வற்புறுத்தினாள், ஒருநாள் கத்தவும் செய்தாள். அவன் அவள் பார்க்கும்போது மட்டும் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதுபோல ஆட்டிவிட்டு இறக்கினான்.

அவள் ஓய்வு பெற்ற நாளில் ஜெர்வாசியோ மலைமேல் இருக்கும் உணவகத்தில் விருந்து வைத்தார். கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி, களி, பழைய ஒயின். கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். குவால்தியேரோவும் வந்திருந்தார், நடுங்கும் கையோடு, ஆனால் நல்ல கோட்டில். ஜெர்வாசியோ எழுந்து பேசினார். எர்சீலியா மேசையில் இருந்த காலம் முழுக்க ஒரு பெட்டிகூடக் கெடவில்லை என்றார். "ஒண்ணே ஒண்ணைத் தவிர. அதுவும் யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு.

எர்சீலியா எழுந்தாள். "அந்த ஒண்ணும் நான்தான்" என்றாள். "பால்தோ நூலை மாத்தல. நான் தப்பாக் கட்டினேன். குவால்தியேரோவோட கட்டைல ஈயம் இருந்துது, எனக்குத் தெரியல. அவனை வெளிய அனுப்பினது என் தப்புக்காக."

உடனே ஜெர்வாசியோ இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா! போற நாள்லகூட அடுத்தவன் பாவத்தைத் தன் தலைல போட்டுக்குறா. இந்த மாதிரி ஒரு மனுஷி எங்க கிடைப்பா?"

கைதட்டல் கூரையை இடித்தது. குவால்தியேரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து, "அவ சொல்றது நெஜம், நான் பாத்தேன், கேட்டேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் என் தம்ளரை நகர்த்தி வைத்தான். "இர்மாவுக்கு ஏறிடுச்சு, இனிமே ஊத்தாதீங்க." மறுபடியும் சிரிப்பு. எர்சீலியா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது தடவை சொல்ல வாயைத் திறந்தாள். கைதட்டலுக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

விருந்து நடுவில், பேச்செல்லாம் முடிந்த பிறகு வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்த இளைஞன் ஒருவன் களிப் பலகையைத் தூக்கும்போது தவறவிட்டான். மேசை விரிப்பெல்லாம் மஞ்சள். நாலா பக்கமிருந்தும் கத்தினார்கள்: "பால்தோ! பால்தோ பண்ணிட்டான்!" இப்போது பட்டறையில் எதைக் கெடுத்தாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எர்சீலியா அவன் பக்கம் சாய்ந்தாள். "அது ஒரு ஆளோட பேரு" என்றாள்.

"அப்படியா, சின்யோரா? நான் சும்மா ஒரு சொல்லுன்னுல்ல நினைச்சேன்." அவன் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். "உயிரோட இருக்காரா?"

"லுமெட்சானேல இருக்கான். சட்டிக்குக் கைப்பிடி போடுறான்."

"வேலை இருக்கில்ல, அப்ப நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் சிந்தியிருந்ததையும் மரியாதையாக வழித்து எடுத்தான்.